பதிலுக்குத்தான் பயம்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணத்துக்காரன். பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திராவில் வேலை. மூன்று வருஷமாகக் கன்னடம் காதில் விழுகிறது, பெரும்பாலும் புரிகிறது. பேசப் போனால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. நாற்பது வயசுக்கு மேல் வருமா? எந்த ஆப் நல்லது?

கே.

அன்புள்ள கே.,

வயசை விடுங்கள். ஆப் இல்லாவிட்டால் குடி முழுகாது. 'பெரும்பாலும் புரிகிறது' என்கிறீர்களே, அதைத்தான் நம்பவில்லை. 'எஷ்டு?' (எவ்வளவு?) என்று கேட்க யாருக்கும் வரும். கடைக்காரர் மடமடவென்று சொல்லப்போகும் பதிலுக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

அதனால் சின்னப் பதில் வரும் கேள்வியாகக் கேளுங்கள். பஸ்ஸில் 'மடிவாளா ஹோகுத்தா?' (மடிவாளா போகுமா?) என்றால் ஹோகுத்தே (போகும்), ஹோகல்லா (போகாது), இரண்டில் ஒன்றுதான் வரும்.

அடுத்தது விலை. பத்து வரை தமிழனுக்குக் கஷ்டமில்லை. அதற்கு மேலேதான் வழுக்கும். இப்பத்து 20, எப்பத்து 70, எம்பத்து 80. மார்க்கெட் இரைச்சலில் மூன்றும் ஒன்றுபோலவே கேட்கும். ஒம்பத்து 9, தொம்பத்து 90. புரியாமல் தலையாட்டிவிட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டி, கொடுத்த சில்லறையை எண்ணாமல் பையில் போடுகிறவர்தானே நீங்கள்? இந்தத் தலையாட்டலை முதலில் நிறுத்துங்கள்! ஜிபே இன்னும் மோசம், தொகை திரையில் வந்துவிடும், காதுக்கு வேலையே இல்லை. ரொக்கம் கொண்டுபோங்கள். கிலோ விலை கேளுங்கள், வாங்குவது கால் கிலோ. எம்பத்து என்று காதில் விழுந்தால் கால் கிலோவுக்கு இப்பத்து வரவேண்டும். வரவில்லையென்றால் முதலில் காதில் விழுந்ததே தப்பு. 'எம்பத்தா?' என்று திருப்பிக் கேளுங்கள், அவரே திருத்துவார். கூட்டமில்லாத கடையாகப் பாருங்கள், பின்னால் நாலு பேர் நின்றால் யாருக்கும் வாய் வராது.

தமிழ் வாடை அடித்ததும் அவர் தமிழுக்கு மாறிவிடுவார். நல்ல மனசு, ஆனால் உங்கள் பாடம் கெட்டது. 'கன்னடதல்லே ஹேளி, கலீதா இதீனி' (கன்னடத்திலேயே சொல்லுங்கள், கற்றுக்கொண்டிருக்கிறேன்) என்று சொல்லிவிடுங்கள். மரியாதைக்கு 'பன்னி' (வாங்க) என்று கூப்பிட வெட்கப்படுகிறார்கள் நம்மவர்கள், தமிழ்க் காதுக்கு அது பன்றியாயிற்றே. பெரியவரைப் போய் 'பா' (வா) என்றால்தான் முறைப்பார்.

பெங்களூரில் கூச்சமென்றால் தளி, அஞ்செட்டிப் பக்கம் போங்கள் தம்பி. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பங்கள் அங்கே நிறைய. 'யாக்கே' (ஏன்) என்று ஆரம்பிக்கும் கேள்விகளை மட்டும் இப்போது தொடாதீர்கள், பதில் நீளமாக வரும். திருப்பிக் கேட்காமல் விலை காதில் ஏறட்டும், பிறகு எழுதுங்கள்.