டியூஷன் விடும் நேரம்

வணக்கம் அக்கா,

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வீட்டு மாடியில் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். 35 பிள்ளைகள், என்னைத் தவிர மூன்று டீச்சர்கள். எட்டாவது படிக்கும் ஒரு பெண், இரவு எட்டரைக்கு எல்லாரும் கிளம்பிய பிறகும் பையை அடுக்கிக்கொண்டே இருப்பாள். ஜாமெட்ரி பாக்ஸை மூடுவாள், திறப்பாள், மறுபடி மூடுவாள். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிறார் என்று தோழியிடம் சொல்லியிருக்கிறாள். எங்கள் கணக்கு டீச்சருக்கும் வீட்டில் இதே கதைதான் போலிருக்கிறது. போன வாரம் இடது கையால் போர்டில் எழுதினார். கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்றார். சம்பளத்தை மாதாமாதம் கணவரே வந்து வாங்கிப்போகிறார். டீச்சர் வீடோ தமிழ்நாட்டில், பொள்ளாச்சிப் பக்கம். எந்த ஸ்டேட் போலீஸ் என்றே குழப்பம். அந்தப் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கட்டுமா? இல்லை, குடும்ப விஷயம் என்று விட்டுவிடுவதா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

ஆள் அடையாளம் தெரியக்கூடிய இரண்டொரு விவரங்களை மாற்றித்தான் கடிதத்தைப் போடுகிறேன்.

அப்பாவைக் கூப்பிடாதீர்கள். அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். படிப்பு முடித்த புதிதில் ஒரு டியூஷனில் வேலை பார்த்தேன். ஆறாவது படித்த பையன் ஒருவன் வீட்டு நிலவரத்தை என்னிடம் சொன்னான். நடத்தியவரும் நானும் அவன் அப்பாவை வரவழைத்து, டீ வாங்கிக் கொடுத்து, “பையன் படிப்பு கெடுதுங்க” என்று பக்குவமாகத்தான் பேசினோம். அவரும் தலையை ஆட்டினார். மறுநாளிலிருந்து பையன் வரவில்லை. பிறகொரு நாள் கடைவீதியில் பார்த்தேன். என்னைக் கண்டதும் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டான். வீட்டு விஷயம் யார் வாயிலிருந்து வெளியே போனது என்று அன்றைக்கு ராத்திரி அங்கே விசாரணை நடந்திருக்கும். நாங்கள் வாங்கிக் கொடுத்த டீக்கு அவனும் அவன் அம்மாவும் விலை கொடுத்தார்கள்.

எதை எடுத்தாலும் உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பது நம் ஊர்ப் பழக்கம். வரப்புத் தகராறுக்கு அது சரி. இங்கே பேச்சு முடிந்ததும் அடிப்பவரும் அடிபடுபவரும் ஒரே பைக்கில் ஏறி ஒரே வீட்டுக்குத்தான் போகவேண்டும். அதனால் எதைச் செய்வதானாலும், அடி யார் மேல் விழுமோ அவரிடம் முதலில் கேளுங்கள்.

மார்க் குறைந்தால் அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு மெசேஜ் போகிற ஏற்பாடு உங்களிடமும் இருக்கும். அந்தப் பெண்ணுக்கு மட்டும் அதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுங்கள். ஃபீஸ் பாக்கியையும் அவளிடம் சொல்லி அனுப்பவேண்டாம். சண்டைக்குக் காரணம் தேடுகிற வீட்டுக்கு நாமே ஏன் எடுத்துக் கொடுக்கவேண்டும்? அவளுக்குப் பிடித்த ஒரு பெண் டீச்சர் பேசட்டும். துருவித் துருவிக் கேட்கவேண்டாம். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று சத்தியம் செய்யவும் வேண்டாம், அதைக் காப்பாற்ற முடியாமல் போகலாம். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே, தேதி போட்டு, ஒரு நோட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள்.

அவள் மேலும் கை படுகிறது என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. யாரும் கூப்பிடலாம், எந்நேரமும் எடுப்பார்கள். பாலியல் தொல்லை என்று தெரியவந்தால் யோசிக்க நேரமே கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதே குற்றம், ஆறு மாதம் வரை ஜெயில் உண்டு. அம்மாவின் விஷயம் வேறு. 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி யார் வேண்டுமானாலும், இதற்கென்றே அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. ஆனாலும் அவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். மகளைக் கூட்டிப்போக அவர் தனியாக வரும் நாளில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் காதில் போட்டுவையுங்கள். கேரளப் பெண்கள் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீ நடத்தும் ஸ்நேகிதா உதவி மையத்தையும் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர் விஷயத்தில்தான் நீங்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். என் கடிதத்தைப் படித்த சூட்டில் “இனிமேல் சம்பளம் டீச்சர் கையில்தான்” என்று கணவரிடம் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கு இரவு மாட்டிக்கொள்வது டீச்சர்தான். பணத்தை எப்படி, எப்போது வாங்கிக்கொள்ள விரும்புகிறார் என்று டீச்சரிடமே கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பணத்தை மட்டும் தனியாகச் சேர்த்து வைக்கச் சொல்லலாம், தன் பெயரில் பேங்க் கணக்கு திறக்க ஒரு மணி நேரம் லீவு கேட்கலாம். அவர் எத்தனை மணிக்கு வருகிறார், எப்போது கிளம்புகிறார் என்று போனில் யார் கேட்டாலும் சொல்லக்கூடாதென்று மற்ற டீச்சர்களிடமும் சொல்லிவையுங்கள். கணவர் வாசலில் வந்து சத்தம் போட்டால் “சென்டர் பேர் கெடுது, கொஞ்ச நாள் வராதீங்க” என்று நிறுத்துவதுதான் ஊர் வழக்கம். ஒரு நாளில் டீச்சர் வீட்டை விட்டு வெளியே இருக்கிற மூன்று மணி நேரத்தையும் பறிப்பதற்கு அது சமம்.

எந்த ஸ்டேட் என்ற குழப்பத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2005 சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, டீச்சர் குடியிருக்கும் இடத்திலும் மனு போடலாம், வேலை பார்க்கும் இடத்திலும் போடலாம். தாற்காலிகமாக அம்மா வீட்டில் தங்கியிருந்தால் அங்கேயும் போடலாம். எங்கே வாங்கிய உத்தரவும் நாடு முழுக்கச் செல்லும். முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாளுக்குள் வரவேண்டும், 60 நாளில் முடிக்கப் பார்க்கவேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உங்கள் பக்கம் போனில் எந்த டவர் கிடைக்கும் என்று சொல்லமுடியாது. 181 அடித்து மலையாளத்தில் எடுத்தாலும் தமிழில் எடுத்தாலும் முதலில் மாவட்டத்தையும் தாலுகாவையும் சொல்லச் சொல்லுங்கள்.

பிள்ளைகளை நிறுத்திவிடுவார்களோ என்று கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் ஓடியிருக்கும். இரண்டு பேர் நிறுத்தலாம், நிறுத்தட்டும்.

எட்டரைக்குப் பிறகு அந்தப் பெண் இருக்க நினைத்தால் ஒரு டீச்சரையும் கூட இருக்கச் சொல்லுங்கள், கதவு திறந்தே இருக்கட்டும். கணக்கு டீச்சரிடம் ஒன்றாம் தேதிக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், அதை இங்கே போடமாட்டேன்.

அன்புடன்,
அக்கா