பெஷ்டிகோவில் பார்க்க என்ன இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்க விஸ்கான்சினில் உள்ள கிரீன் பே நகரத்துக்கு வந்திருக்கிறோம். பெஷ்டிகோ தீ விபத்தைப் பற்றி நீங்கள் ஒருமுறை குறிப்பிட்டது நினைவிருக்கிறது. இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். "ஒரு சின்ன மியூசியமும் கல்லறைத் தோட்டமும் தவிர அங்கே ஒன்றும் இல்லை, சிகாகோ போகலாம்" என்கிறார் மருமகன். போகத்தான் வேண்டுமா? சிகாகோ தீ எல்லாருக்கும் தெரிகிறது, இது ஏன் தெரியவில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவசியம் போங்கள். மருமகனையும் அழைத்துப் போங்கள்.

இரண்டு ஊர்களும் எரிந்தது ஒரே இரவில், 1871 அக்டோபர் 8. சிகாகோவில் இறந்தவர்கள் 300 பேர் அளவில். பெஷ்டிகோவிலும் சுற்றுவட்டாரத்திலும் குறைந்தது 1,200 பேர். 2,500 வரை சொல்பவர்களும் உண்டு. பெஷ்டிகோவின் தந்திக் கம்பி எரிந்துபோனதால் செய்தி தாமதமாகத்தான் வெளியே வந்தது. அதற்குள் விஸ்கான்சின் ஆளுநர் ஃபேர்சைல்ட் சிகாகோவுக்கு உதவப் போய்விட்டார். அவர் மனைவி பிரான்சிஸ்தான் சிகாகோவுக்கென்று நின்ற ஒரு ரயில் பெட்டிச் சாமான்களை வடக்கே திருப்பி அனுப்பினார். எனக்கு மிகவும் பிடித்த மனுஷி அவர்.

ஆனால் இதை வெறும் இயற்கைச் சீற்றம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பெஷ்டிகோ ஒரு மரக் கம்பெனி ஊர். முதலாளி வில்லியம் ஆக்டன், சிகாகோவின் முதல் மேயர். இந்தக் காட்டின் பைன் மரம் பலகையாகி, மிச்சிகன் ஏரி வழியாக சிகாகோவுக்குப் போனது. நல்ல அடிமரத்தை எடுத்துக்கொண்டு கிளையையும் நுனியையும் காட்டிலேயே போட்டுவிடுவார்கள். அந்த வருஷம் கோடையில் மழை மிகக் குறைவு. ரயில் பாதைக்கும் வயலுக்கும் இடம் பண்ண, அங்கங்கே தீ வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஊருக்குள்ளே வீடு, நடைபாதை எல்லாம் மரம். எங்கு பார்த்தாலும் மரத்தூள். காற்று பலமாக வீசியதும் சிறு சிறு தீயெல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. ஆற்றில் இறங்கியவர்களில் பலர் பிழைத்தார்கள், சிலர் குளிரிலேயே போனார்கள். ஊரில் மிஞ்சியது ஒரே ஒரு வீடு, அதுவும் கட்டி முடிக்காதது. ஈரம் காயாத பச்சை மரத்தில் கட்டிக்கொண்டிருந்ததால் எரியவில்லை.

இப்படி எரிந்த ஊரில் பழைய மாளிகைகளைத் தேட முடியாது. மியூசியம் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இருக்கிறது. பங்குத்தந்தை பெர்னின் ஆற்றுக்குள் கொண்டுபோய் விட்ட நற்கருணைப் பேழையை (தேவாலயத்தில் புனித அப்பம் வைக்கும் பெட்டி) அங்கே பாருங்கள். பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம். அடையாளம் தெரியாத சுமார் 350 பேரை ஒரே குழியில் புதைத்திருக்கிறார்கள். அடையாளம் சொல்லக்கூட ஆள் மிஞ்சாத குடும்பங்கள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

அடுத்த நாள் மெனோமினி பழங்குடியினரின் காட்டுக்குப் போய் வாருங்கள். அதையும் பார்த்தால்தான் இந்தப் பயணம் முழுமையாகும் என்பேன். பெஷ்டிகோ ஆற்றங்கரையும் ஒருகாலத்தில் அவர்களுடையதுதான். அமெரிக்க அரசோடு செய்த 1836 ஒப்பந்தத்தில் கைவிட்டுப் போனது. 1854-ல் அவர்களுக்கு ஒதுக்கிய நிலத்தில் இன்று சுமார் 2,35,000 ஏக்கர் இருக்கிறது. அவர்களும் மரம் வெட்டுகிறவர்கள்தான். அங்குள்ள நியோபிட் ஊரில் 1908 முதல் அறுவை மில் நடத்துகிறார்கள். முற்றியது, நோயுற்றது, விழுந்தது என்று பார்த்துப் பார்த்து வெட்டுவதால், இத்தனை காலம் வெட்டிய பிறகும் 1854-ல் நின்றதைவிட அதிக மரம் நிற்கிறது. இத்தனைக்கும் 1954-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்களுடைய பழங்குடி அந்தஸ்தையே பறிக்கச் சட்டம் போட்டது. போராடி 1973-ல் திரும்பப் பெற்றார்கள்.

அதே நிலத்திலுள்ள கெஷீனா ஊரில் பழைய மரவெட்டி முகாம்களைக் காட்டும் மியூசியம் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு 55-ஆம் எண் சாலையில் வுல்ஃப் ஆற்றை ஒட்டி வடக்கே போங்கள். குளிர்காலத்தில் பெஷ்டிகோ மியூசியம் மூடியிருக்கும், அதனால் அக்டோபர் பிறப்பதற்குள் கிளம்பிவிடுங்கள்.