தேனுக்கு மாறினால் போதாதா?

வணக்கம்.

எனக்கு 44 வயது. மதுவைத் தொட்டதில்லை. போன மாதம் வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றார்கள். டாக்டர் முதலில் கேட்டதே, "இனிப்பு நிறைய சாப்பிடுவீர்களா?" என்றுதான். கோபம் வந்துவிட்டது. சர்க்கரை டப்பாவை வீட்டிலிருந்து எடுத்து இரண்டு வருடமாகிறது. காபிக்குக்கூடத் தேன்தான். காலையில் ஒரு பெரிய டம்ளர் பாக்கெட் பழச்சாறு, மதியம் பழச்சுவை தயிர், சாயங்காலம் நாலு ஓட்ஸ் பிஸ்கட், அவ்வளவே. ரத்தச் சர்க்கரையும் நார்மல். இதில் எதைக் குறைப்பது? ஒன்றரை வயதான தங்கை மகனுக்கும் அதே பழச்சாற்றைத்தான் கொடுக்கிறோம். சர்க்கரை விஷம் என்பதெல்லாம் மிகைதானே?

ம.

அன்புள்ள ம.,

டப்பாவையே தூக்கிப் போட்டவரிடம் இப்படிக் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் டாக்டர் கேட்டது சரியான கேள்வி. நீங்கள் நிறுத்தியது உங்கள் கையால் அளந்து போட்ட சர்க்கரையை. கலந்தே வருவது அப்படியே இருக்கிறது.

நேற்று என் வீட்டில் இருந்த ஒரு பழச்சாறு பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 100 மில்லியில் 10 கிராம் சர்க்கரை என்று பொடி எழுத்தில் இருந்தது. பெரிய டம்ளர் என்றால் 300 மில்லி பிடிக்கும். ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 4 கிராம். காலி டம்ளரில் அந்தக் கணக்குக்குச் சர்க்கரையைப் போட்டுக்கொண்டே வந்தேன். ஏழரை ஸ்பூன். அடியில் கிட்டத்தட்ட ஒரு விரற்கடை உயரத்துக்கு வெள்ளையாக நின்றது. அதன் மேல் காபியை ஊற்றிக் கொடுத்தால் நீங்கள் குடிப்பீர்களா? பழச்சாற்றில் புளிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து அந்த இனிப்பை மறைத்துவிடுகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஒரு வரம்பு சொன்னது. நாம் சாப்பிடும் மொத்தக் கலோரியில் இந்த வகைச் சர்க்கரை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராம், அதாவது 12 ஸ்பூன். அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் வருகின்றன, முழுப் பழம் வராது. நாலு பழத்தைப் பிழிந்தால் ஒரே மூச்சில் குடித்துவிடலாம். அதே நாலு பழத்தை மென்று தின்னப் பாருங்கள், இரண்டாவதிலேயே போதும் என்றிருக்கும்.

இப்போது கல்லீரலுக்கு வருகிறேன். சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். தேனிலும் இந்த இரண்டுதான் முக்கியமாக இருக்கின்றன. குளுக்கோஸை உடம்பு முழுக்கப் பங்கு போட்டுக்கொள்கிறது. ஃப்ரக்டோஸின் பெரும்பங்கு கல்லீரலின் தலையில்தான் விழுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் அது சமாளித்துக்கொள்ளும். தினமும் மொத்தமாக வந்து இறங்கினால் கொழுப்பாக மாற்றுகிறது. அதில் ஒரு பகுதி அங்கேயே தங்கும், மீதி டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக ரத்தத்தில் போகும். எடை, மரபு, மொத்தச் சாப்பாட்டு அளவு என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றை உங்கள் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ரத்தச் சர்க்கரை நார்மல் என்ற நிம்மதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காது. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டும். இப்படி வருடக்கணக்கில் இழுத்துப் பிடிக்கும்வரை பரிசோதனையில் எண் நார்மலாகவே வரும். உங்கள் ஸ்கேன் இதை முன்கூட்டியே காட்டிக்கொடுத்ததை நல்லதாகவே நினைக்கிறேன். கல்லீரலில் படிந்த கொழுப்பு ஆரம்ப நிலையில் குறையக்கூடியது.

விஷம் என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். காபியில் ஒரு ஸ்பூன் போட்டவரைக் குற்றவாளியாக்கும் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆனால் தங்கை மகன் விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன், அந்தப் பழச்சாறு வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் பிரிட்டனில் சர்க்கரை ரேஷனில்தான் கிடைத்தது. 1953 செப்டம்பரில் கட்டுப்பாட்டை எடுத்ததும் மக்கள் சாப்பிடும் அளவு ஏறக்குறைய இரு மடங்கானது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் கருவானவர்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2024-ல் வந்தது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் குறைந்த சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்கு, பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும் உயர் ரத்த அழுத்தம் சுமார் 20 சதவீதமும் குறைவாக இருந்தது. அந்த வயதில் ஊட்டியதன் பலன் அரை நூற்றாண்டு கழித்தும் தெரிகிறது. படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது. முளைக்கும் பல்லுக்கும் அது நல்லதில்லை. பாட்டிலில் போட்டு உறிஞ்ச விட்டால் இன்னும் மோசம்.

சரி, எதைக் குறைப்பது? முதலில் பழச்சாறு. பழத்தை அப்படியே சாப்பிடுங்கள். அப்புறம் தயிர், சர்க்கரை சேர்க்காததை வாங்கி நீங்களே பழம் நறுக்கிப் போடுங்கள். பிஸ்கட் பாக்கெட்டில் மாவுக்கு அடுத்ததாகவே சர்க்கரை எழுதியிருந்தால், ஓட்ஸ் என்ற பெயரை நம்ப வேண்டாம். காபித் தேனைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை ஸ்பூன் என்று குறையுங்கள், நாக்கு பழகிவிடும். நான் அப்படித்தான் விட்டேன். இப்போது யாராவது இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்தால் என்னால் குடிக்க முடிவதில்லை.

அடுத்த ஸ்கேன் எப்போது என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.