காம்பராவுக்குள் நாலு பேர்

அன்புள்ள அக்கா,

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் சங்கீத டீச்சராக இருக்கிறேன். ஆர்வமுள்ள பிள்ளைகள் என்று என்னிடம் நாலு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேர் வயலின், ஒருத்தி புல்லாங்குழல், நாலாவது பையன் அவனுடைய அப்பாவோடு கோவிலில் தப்பு மேளம் அடிக்கிறவன். மிருதங்கம் எங்களிடம் இல்லை. ஒரு வயலினுக்கு நாலாவது கம்பியும் இல்லை. கொழும்பில் இருக்கும் என் தோழி, அங்கே பிள்ளைகள் மூன்று நாலு பேராகச் சேர்ந்து ‘சேம்பர் மியூசிக்’ பழகுகிறார்கள், மேடையும் கிடைக்கிறது என்று சொன்னாள். இங்கே வாணி விழாவையும் தமிழ்த்தினப் போட்டியையும் விட்டால் பிள்ளைகளுக்கு வாசிக்க இடமில்லை. அந்த முறை நமக்கு ஒத்துவருமா? அல்லது வசதியுள்ள பெற்றோரிடம் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லவா? தப்பு அடிக்கிற பையனைச் சேர்த்தால் சிலர் முகம் சுளிப்பார்களே என்ற பயமும் இருக்கிறது. பெயர் போடவேண்டாம்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு டீச்சர்

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். சேம்பர் என்ற சொல்லைப் பார்த்து நீங்கள் கொஞ்சம் மிரண்டிருப்பது தெரிகிறது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் அறையை நாம் காம்பரா என்றுதானே சொல்கிறோம், அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். சேம்பர் என்பதும் அதே லத்தீன் வேரில் முளைத்ததுதான். ஆக உங்கள் தோழி சொன்னது காம்பரா இசை. ஓர் அறைக்குள் அடங்குகிற சில பேர், ஆளுக்கொரு தனிப் பங்கு, முன்னால் நின்று கைகாட்ட யாரும் இல்லை. அவ்வளவுதான் அது.

அது தொடங்கிய கதையில் ஒன்றை உங்களுக்குச் சொல்லவேண்டும். 1750களில் ஆஸ்திரியாவில் ஒரு பிரபுவின் கிராமத்து வீட்டுக்கு ஜோசப் ஹைடன் என்ற இசையமைப்பாளர் போயிருந்தார், அப்போது அவருக்கு இருபதுகளில் வயது. அங்கே வாசிக்கத் தெரிந்தவர்களாக இருந்தது ஊர்ப் பாதிரியாரும், பண்ணையைப் பார்த்துக்கொண்ட நிர்வாகியும் (நம் ஊர்க் கணக்கில் தோட்டத்துத் துரை), வயலின் இனத்துப் பெரிய வாத்தியமான செலோவை வாசிக்கிற ஒருவரும். ஹைடனோடு சேர்த்தால் நாலு பேர். இந்த நாலு பேரும் வாசிக்கிற மாதிரி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பிரபு கேட்டார், அவர் எழுதினார். இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), ஒரு செலோ என்ற அந்த நால்வர் குழுவுக்கு அவர் வாழ்நாளில் எழுதியவை 68. நான் இதில் பிடித்துக்கொள்வது ஒரே ஒரு விஷயத்தை: அவர் கையில் இருந்த ஆட்களுக்கு எழுதினார். இன்ன வாத்தியம் இல்லையே என்று காத்துக்கொண்டிருக்கவில்லை. உங்களிடம் இரண்டு வயலினும் ஒரு குழலும் ஒரு தப்பும் இருக்கின்றன. அதுதான் உங்கள் நால்வர் குழு. மிருதங்கம் வந்த பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடாதீர்கள், இந்தப் பிள்ளைகள் அதற்குள் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

சரி, இதனால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று பெற்றோர் கேட்பார்கள். போட்டிக்குக் குழு இசை என்று நாம் பழக்குவதில் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே மெட்டையே வாசிப்பார்கள், ஒரு பிள்ளை நடுவில் நிறுத்திவிட்டால்கூட யாருக்கும் தெரியாது. நாலு பேரில் ஒருவர் நிறுத்தினால் அங்கே ஓட்டை விழும். நான் பதினாலு வயதுவரை வயலினைப் பரீட்சைக்காக மட்டும் பழகினேன், நல்ல புள்ளிகளும் எடுத்தேன். அதன் பிறகு ஒரு நாள் ஹற்றனில் ஒரு கோவில் மண்டபத்தில் வேறு இரண்டு பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். எனக்கு என் வில்லின் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் சரணத்துக்குப் போய்விட்டேன், அவர்கள் இன்னும் அனுபல்லவியில் இருந்தார்கள். திரும்பி வரும்போது பஸ் முழுக்க அழுதேன். மற்றவர்களைக் கேட்டுக்கொண்டே வாசிக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த இரண்டு பிள்ளைகளோடு அப்புறம் ஒரு வருஷம் வாசித்தேன், பரீட்சையில் கற்றதைவிட அதிகம் அங்கேதான் கற்றேன்.

பரீட்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளுக்கு 1931இலிருந்து ஒரு வழி இருக்கிறது, பிள்ளைகள் அதில் ஏறட்டும். மேலே படிக்க விரும்புகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலைப் பகுதியும் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. ஆனால் பரீட்சை அறைக்குள் ஒரு பிள்ளை தனியாகத்தான் போகிறது, சேர்ந்து வாசிப்பதை நாம் வேறு இடத்தில்தான் பழக்கவேண்டும்.

எதை வாசிப்பது? நொட்டுஸ்வரத்தில் தொடங்குங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்ட் வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளை எடுத்து முத்துசுவாமி தீட்சிதர் நாற்பது போல சின்னச் சின்ன உருப்படிகள் செய்து வைத்திருக்கிறார், எல்லாம் சங்கராபரணத்தின் நேர்ச் சுரங்கள். வயலினை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையான பாலுசுவாமி தீட்சிதர் அவருடைய தம்பி. அவற்றில் ஒன்றை எடுத்து, ஒரு வயலின் மெட்டை வாசிக்க, மற்ற வயலின் அடியில் ச, ம, ப என்று நீட்டி வாசிக்கட்டும். குழல் இரண்டாவது தடவை மெட்டில் சேரட்டும். அடுத்த கிழமை இரண்டு வயலின்களும் பங்கை மாற்றிக்கொள்ளவேண்டும். நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கே எப்போதும் மெட்டைக் கொடுத்துவிட்டால் இந்த முறைக்கே அர்த்தமில்லை.

ஆனால் தோடி, பைரவி மாதிரிக் கமகம் (சுரத்தின் அசைவு) நிறைந்த இராகங்களில் இப்படி அடிச்சுரம் போடாதீர்கள், இரண்டும் கெட்டுப்போகும். அங்கே வேறு வழி, ஆளுக்கு ஓர் ஆவர்த்தனமாக, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றாக, சுரத்தைக் கைமாற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஒருவர் விட்ட சுரத்தில் அடுத்தவர் எடுக்கவேண்டும் என்று மட்டும் ஒரு விதி போட்டால் போதும், காது தானாகத் திறக்கும்.

சுருதி விஷயத்தில் நம் மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. குளிரில் புல்லாங்குழல் இறங்கி ஒலிக்கும், மூச்சுச் சூடு ஏற ஏறத்தான் சரியான இடத்துக்கு வரும். மழை மாதத்தில் வயலின் பிரடை (கம்பியை முறுக்கும் ஆணி) ஊறி இறுகிவிடும், திருப்பினால் ஒரேயடியாகத் தாவும். தப்பைத் தீயில் காட்டாமல் அடிக்கவே முடியாது, அது உங்கள் பையனுக்கு நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அதனால் வந்தவுடனே சுருதி சேர்க்காதீர்கள். குழல் வாசிக்கிற பிள்ளை பத்து நிமிஷம் ஊதட்டும், அதற்குள் தப்பும் காய்ந்துவிடும், பிறகு குழலுக்கு வயலின்களைச் சேருங்கள். குழலை மாற்ற முடியாது, கம்பியை மாற்றலாம்.

தாளத்துக்கு ஒரு வார்த்தை. எல்லோர் கையிலும் வாத்தியம் இருப்பதால் தாளம் போட ஆளிருக்காது. நீங்களும் போடாதீர்கள், அது கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் கை தட்டுகிறவரை அவர்கள் உங்களைத்தான் பார்ப்பார்கள். வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொரு கிழமையும் ஒரு பிள்ளை மூச்சிழுத்து எடுப்புக் கொடுக்கட்டும்.

இப்போது தப்பு. முகம் சுளிக்கிறவர்கள் ஏன் சுளிக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அது சத்தத்தைப் பற்றியது இல்லை, சாதியைப் பற்றியது. மாசி மாதம் காமன் கூத்துக்கு அதே தப்புத்தான் வேண்டும், அன்றைக்கு லயத்துச் சனமே அதைக் கேட்டு ஆடுகிறது. பாடசாலைக்குள் வந்தால் மட்டும் அது ஆகாது என்றால் அந்தப் பேச்சுக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. உங்கள் நாலு பேரில் தாளத்தை உடம்பிலே வைத்திருக்கிற பிள்ளை அவன்தான். அவனைக் கடைசியாகச் சேர்த்த ஆளாக ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். அறைக்குள் சத்தம் கூடினால் குச்சியை வைத்துவிட்டு விரலால் வாசிக்கச் சொல்லுங்கள், முன்னால் கேட்டிராத தாளச் சொற்கள் பல வரும். அவனுடைய அப்பாவை ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிட்டு, கூத்தில் எந்த இடத்துக்கு எந்த அடி என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கேளுங்கள். அதிபர் முன்னிலையில் கூப்பிடுங்கள்.

கொழும்புக்கு அனுப்புவதா? குடியேற அனுப்பவேண்டாம், ஒரு தடவை கேட்கக் கூட்டிப்போங்கள். 1958இலிருந்து இயங்குகிற இலங்கைச் சிம்பொனி வாத்தியக் குழு அங்கே இருக்கிறது, சின்னக் குழுக்களின் கச்சேரிகளும் நடக்கின்றன. ஹற்றனில் ஏறினால் ஐந்து மணித்தியாலம் போல ரயில். செலோ என்ற வாத்தியத்தை ஒரு தடவை பக்கத்தில் இருந்து கேட்ட பிள்ளை தன் வயலினின் கீழ்க்கம்பியை அதன் பிறகு வேறு மாதிரித்தான் வாசிக்கும்.

வாசிக்க இடம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மேடை இல்லை என்பது உண்மை. கிடைக்கிற மேடையையும் நான் பார்த்திருக்கிறேன், ஒரு பரிசளிப்பு விழாவில் மூன்று பிள்ளைகள் காலை எட்டு மணியிலிருந்து சேலை கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள், பிரமுகர்கள் பேசி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது, மூன்று நிமிஷத்தில் முடியுங்கள் என்று சொல்லி ஏற்றினார்கள். அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. இந்த இசைக்கு அப்படிப்பட்ட மேடை தேவையே இல்லை, ஒலிபெருக்கியும் தேவையில்லை. மாதம் ஒரு ஞாயிறு, அறநெறி வகுப்பு முடிந்த கையோடு, மாரியம்மன் கோவில் மண்டபத்தில் இருபது நிமிஷம். அடுத்த மாதம், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில். அதற்கடுத்து, நாலு பிள்ளைகளில் ஒருவர் வீட்டுக் காம்பராவில், பாட்டியும் பக்கத்து வீட்டாரும் வாசலில் உட்கார்ந்து கேட்கட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் நாலு பேர் உட்காரலாம், இடித்துக்கொண்டுதான் உட்காரவேண்டும். அந்த அறை பிள்ளைகளுக்குப் போதும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நம் சனம் அதைவிட நல்ல வீட்டில் வாழவேண்டும். இசை அதற்காகக் காத்திருக்கவேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

வலயக் கல்வி அலுவலகத்துக்கும் எழுதுங்கள், அதை விட்டுவிடாதீர்கள். நிறையக் கேட்கவேண்டாம். மிருதங்கம் ஒன்று, கம்பிகள், பயிற்சி நாளில் பிள்ளைகள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய்விட ஒரு ஏற்பாடு. பெண் பிள்ளைகள் பயிற்சியை விடுவது பெரும்பாலும் இந்தப் பஸ்ஸால்தான், ஆர்வம் குறைந்து இல்லை.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியாவுக்கு வருகிறேன். நாலாவது கம்பியை நான் கொண்டுவருகிறேன், ரெண்டாகவே கொண்டுவருகிறேன். எந்த ஞாயிறு என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா