தொழில்முனைவைப் பாடமாக்கினால் பட்டதாரிகளின் வேலையின்மை குறையுமா?

வளரும் நாடுகளில் எல்லாக் கல்லூரிகளிலும் தொழில்முனைவைப் பாடமாக வைத்தால் பட்டதாரிகளின் வேலையின்மை தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாடத்தால் மட்டும் தீராது என்பதே என் கருத்து.

துனிசியாவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2009-10 கல்வியாண்டில், இறுதியாண்டு மாணவர்கள் வழக்கமான ஆய்வேட்டுக்குப் பதிலாக ஒரு தொழில் திட்டம் எழுதிப் பட்டம் பெறலாம் என்று வைத்தார்கள். பயிற்சியும் உண்டு, வழிகாட்டியும் உண்டு. விண்ணப்பித்தவர்களில் யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்ததால் ஒப்பிடுவது எளிதாயிற்று. ஓராண்டு கழித்து, சொந்தத் தொழில் செய்வோர் சற்றே கூடியிருந்தார்கள். சரி, வேலையில் இருப்போரின் மொத்த விகிதம்? அது மாறவில்லை. சம்பள வேலைக்குப் போயிருக்கக்கூடிய சிலர் சொந்தத் தொழிலுக்கு வந்தார்கள், அவ்வளவுதான். சில ஆண்டுகளில் அந்தச் சிறு உயர்வும் கரைந்துபோனது.

முதலீடு, கடனுக்கு ஈடு, பொருளை வாங்க ஆள் இதெல்லாம் வகுப்பறையில் கிடைக்காது. அப்புறம் அனுபவம். சரக்கு எங்கே மலிவு, யார் பணத்தை இழுத்தடிப்பார் என்பதெல்லாம் அந்தத் துறையில் சில காலம் வேலை பார்த்தால்தான் பிடிபடும்.

எதைக் கற்பிக்கிறோம் என்பதும் முக்கியம். மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவில் 1,500 சிறுதொழில் செய்வோரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், தானே முன்வந்து செயல்படும் பழக்கத்தை வளர்த்த பயிற்சி லாபத்தைச் சுமார் 30 சதவீதம் உயர்த்தியது. வழக்கமான வணிகப் பயிற்சியால் அந்த அளவு பலன் இல்லை. ஆனால் அவர்கள் ஏற்கெனவே தொழில் நடத்தியவர்கள். இதையே மதிப்பெண்ணுக்கான பாடமாக்கினால் அதே பலன் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.