பந்து தட்டிச் சோறு கிடைக்குமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

தென்கொரிய வாலிபால் வீராங்கனை கிம் யோன் கோங் ஓய்வு பெற்றதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறேன். என் தங்கை பத்தாவது படிக்கிறாள், வாலிபால் நன்றாக ஆடுவாள். மலைக்குக் கீழே, தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி எடுக்கும் விளையாட்டு விடுதியில் சேர்த்துவிடுங்கள் என்று அவளுடைய பி.டி. டீச்சர் சொல்கிறார். தங்கையின் உயரம் 5 அடி 3 அங்குலம்தான். "பந்து தட்டிச் சோறு கிடைக்குமா?" என்கிறார் அம்மா. அவருக்கு நர்சிங் படிக்க வைக்க ஆசை. பெண்களுக்கு வாலிபாலில் உண்மையிலேயே எதிர்காலம் இருக்கிறதா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. சோறு கிடைக்கும். ஆனால் கிம்முக்குக் கிடைத்த வழியில் இல்லை.

அவர் ஜப்பான், துருக்கி, சீனா என்று கிளப் கிளப்பாக ஒப்பந்தம் போட்டு ஆடியவர். அங்கெல்லாம் பெண்கள் லீக்குக்குப் பணம் கட்ட ஆள் உண்டு. நம் ஊரில் 2019இல் ஒரு வாலிபால் லீக் வந்தது, 2022இல் இன்னொன்று. இரண்டும் ஆண்களுக்கு. இங்கே ஒரு பெண் வாலிபாலை நம்பி வாழ்கிறாள் என்றால், ஆட்டத்தைக் காட்டி ரயில்வேயிலோ போலீசிலோ வேலை வாங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். தேசியப் போட்டியின் பெண்கள் இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். பல வருடங்களாகக் கேரளாவும் ரயில்வேயும்தான் மோதிக்கொள்கின்றன. ரயில்வே ஜெர்சியில் நிற்பவர்களிலும் கேரளத்துப் பெண்கள் இருப்பார்கள். சம்பளம் எங்கேயோ அங்கே ஆடுகிறார்கள், அதில் என்ன தப்பு?

இதைக் குறைவாக நினைக்கவேண்டாம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக வாலிபால் சேர்க்கப்பட்டது. அதில் தங்கம் வென்ற ஜப்பான் பெண்கள் அணியில் பெரும்பாலானவர்கள் நிச்சிபோ என்ற நூற்பாலை கம்பெனியின் ஊழியர்கள். பகலில் ஆபீஸ் வேலை, அது முடிந்ததும் நள்ளிரவு வரை பயிற்சி. சோவியத் அணியை அவர்கள் தோற்கடித்தது அக்டோபர் 23ஆம் தேதி. சரியாக ஒரு வாரம் கழித்து, 30ஆம் தேதி, இலங்கைத் தோட்டங்களில் இருந்த தமிழர்களைப் பற்றி இரு நாடுகளும் செய்துகொண்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. உங்கள் பக்கத்து லயன் வீடுகளில் பலர் அந்த ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தினராக இருப்பார்கள். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைதான். ஆனால் அந்த இலங்கையின் தேசிய விளையாட்டே வாலிபால் என்பதால், எஸ்டேட் பிள்ளைகள் வலை கட்டி ஆடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு தேதிகளும் ஞாபகம் வரும்.

சரி, உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டில் வயது வரம்பு 18 முதல் 25 வரை. தளர்வு கிடையாது. அதிலும் அண்மை இரண்டு மூன்று வருடத்துச் சாதனையைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பத்தாவதில் வாங்கிய கோப்பை இருபத்து மூன்று வயதில் உதவாது. அப்படியென்றால் பதினெட்டிலிருந்து இருபத்து நான்குக்குள் அவள் மாநில அணியிலோ பல்கலைக்கழக அணியிலோ நின்று ஆடியாக வேண்டும். அந்த இடத்துக்கு எஸ்டேட் மைதானத்திலிருந்தே போய்விட முடியாது, தினமும் தன்னைவிட நன்றாக ஆடுகிறவர்களோடு ஆடவேண்டும். டீச்சர் விடுதியைச் சொல்வது அதனால்தான். விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குத்தான் சேர்க்கை. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கான இந்தத் தேர்வை விட்டுவிட்டால் அந்த வாசல் அநேகமாக மூடிவிடும்.

உயரத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். பெண்கள் வலையின் உயரம் 2.24 மீட்டர். 5 அடி 3 அங்குலத்தில் பெரிய போட்டிகளில் ஸ்மாஷ் அடிப்பவளாக நிலைக்க முடியாது. யாராவது முடியும் என்றால் நம்பவேண்டாம். ஆனால் 1998இல் லிபரோ என்ற இடம் வந்தபிறகு, பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே ஒருத்தி இருக்கிறாள். வேறு நிற ஜெர்சி, வலைக்குமேல் அடிக்கும் உரிமை இல்லை, வலையருகே குதித்து எதிரணியின் அடியைத் தடுக்கவும், அதாவது பிளாக் போடவும், கூடாது. அங்கே உயரத்தைவிடக் கண்ணும் காலும்தான் முக்கியம். மலைப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு என்பது என் கட்சி: விட்ட பந்து தேயிலைச் செடிக்குள் உருண்டு கீழ் டிவிஷனுக்குப் போய்விடும் என்றால் யாருமே பந்தை லேசில் விடமாட்டார்கள்! கிம்மே நடுநிலைப் பள்ளியில் குட்டைப் பெண். அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டராகவும் லிபரோவாகவும் ஆடினார். உயர்நிலைப் பள்ளியில்தான் மளமளவென்று வளர்ந்து 192 சென்டிமீட்டர் ஆனார். தங்கை அப்படி வளர்வாள் என்று சொல்லவில்லை. ஆனால் சின்ன வயதில் பந்து எடுக்கப் பழகிய கை அவருக்குக் கடைசிவரை உதவியது.

அதனால் டீச்சரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: இவளை எந்த இடத்துக்குத் தயார் செய்கிறீர்கள்? "எல்லாம் ஆடுவாள்" என்று பதில் வந்தால், லிபரோவாகவோ செட்டராகவோ இப்போதே பிரித்துப் பழக்கச் சொல்லுங்கள்.

நர்சிங்கையும் இப்போதே கைவிட வேண்டியதில்லை. பதினொன்றில் உயிரியல் பாடம் உள்ள குரூப் எடுக்கட்டும். விடுதிப் பிள்ளைகள் போகும் பள்ளியில் அந்தக் குரூப் இருக்கிறதா என்று சேர்ப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள், பலர் இதைச் சேர்ந்தபிறகுதான் கேட்கிறார்கள். அம்மா முழங்காலைப் பற்றியும் கவலைப்படுவார். நியாயம்தான். மூட்டுத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். குதித்தால் இரண்டு காலில் இறங்கச் சொல்லிக் கொடுக்கிறார்களா, சிமெண்ட் தரையில் ஆடவிடுகிறார்களா என்று விடுதிக்குப் போகும்போது நீங்களே நின்று பாருங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். பள்ளிகளுக்கான தேசியப் போட்டியில் ஆடினால் வெறும் சான்றிதழோடு வந்துவிடவேண்டாம். மத்திய அரசு வேலைக்குப் படிவம் 4 என்று ஒன்று கேட்பார்கள். பல்கலைக்கழகப் போட்டி என்றால் படிவம் 3. அந்தந்த வருடமே கையெழுத்து வாங்கி வையுங்கள். பிறகு போனால் அதிகாரி மாறியிருப்பார்.

அன்புடன்,
அக்கா