பதக்கம் இருக்கிறது, வருமானம்?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. மலைச் சைக்கிள் டிரையல்ஸ் போட்டிகளில் கலந்துகொள்கிறான். படிப்பை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கிக்கொள்ளப் போகிறானாம். அவன் அப்பா அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கணவரின் கவலை நியாயமானதுதான், ஆனால் அவர் பேசாமல் இருந்தால், பையன் தனியாக முடிவெடுப்பான், அவ்வளவே. மேலும், இங்கிலாந்தில் 18 வயது வரை படிப்பிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பயிற்சி, சம்பளத்துடன் கூடிய அப்ரண்டிஸ் வேலையாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

இருக்கையே இல்லாத சைக்கிளில், கால் தரையில் படாமல் பாறைகளையும் மரக்கட்டைகளையும் தாவிக் கடக்கும் இந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் இல்லை; ஆகவே அரசின் விளையாட்டு நிதியை நம்பியிருக்க முடியாது. உலக சாம்பியனுக்கு வானவில் ஜெர்சி கிடைக்கும்; வீட்டு வாடகைக்கு அது உதவாது. இத்துறையில் பிழைப்பவர்கள் பெரும்பாலும் மேடைக் காட்சி, வீடியோ, விளம்பர ஒப்பந்தம், பயிற்சி வகுப்பு ஆகியவற்றால்தான் பிழைக்கிறார்கள். சைக்கிள் சாகச வீடியோக்களால் புகழ்பெற்ற டேனி மக்காஸ்கிலின் பெயரை உங்கள் மகன் சொல்லுவான். ஸ்கை தீவில் பிறந்த அவர், 2009 ஏப்ரலில் வெளியான ஒரு வீடியோவால் புகழடையும்வரை, எடின்பரோவில் சைக்கிள் மெக்கானிக்காக வேலை பார்த்தவர் என்பதை நீங்கள் அவனுக்குச் சொல்லுங்கள். அந்தப் புகழும் போட்டிப் பட்டங்களால் வந்ததன்று.

எனவே அவனைப் போட்டியிலிருந்து தடுக்காதீர்கள்; கூடவே மெக்கானிக் தொழிலை முறையாகக் கற்கச் சொல்லுங்கள். பிரேக் கட்டை வழுக்காமல் பிடிக்கட்டும் என்று ரிம்மின் பக்கவாட்டை கிரைண்டரால் சொரசொரப்பாக்குவதும், ஹைட்ராலிக் பிரேக்கில் காற்றை வெளியேற்றி எண்ணெய் நிரப்புவதும் இந்த வீரர்கள் பலர் தம் கையாலேயே செய்துகொள்ளும் வேலைகள். (உங்கள் வீட்டுக் கொல்லையில் அந்தக் கிறீச்சொலியைக் கேட்டிருப்பீர்கள்.) பாதிக் கல்வி கையில் வந்துவிட்டது, சைக்கிள் மெக்கானிக்குகளுக்கான சைடெக் போன்ற தகுதிச் சான்றிதழ் பெற்றால், சைக்கிள் கடைகளில் வேலை தேடுவது எளிது.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிரிட்டனின் முன்னாள் டிரையல்ஸ் சாம்பியன் மார்ட்டின் ஆஷ்டன், 2013இல் ஒரு காட்சியின்போது சுமார் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். உலகத் தரத்துக்கு ஓட்டியவருக்கே அந்தக் கதி. ஆகவே பணம் வாங்கிக்கொண்டு முதல் காட்சிக்குச் சம்மதிக்கும் முன்பே, விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு, காயத்தால் ஓட்ட முடியாத மாதங்களில் ஒப்பந்தத் தொகை தொடர்ந்து வருமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். அந்தத் தாளை வாசித்துப் பார்க்கும் வேலையை அவன் அப்பாவிடமே கொடுங்கள்.